வண்டிக்கணக்கு 9: டீசலை விடலாம், உயரத்தை வாங்கலாமா?

மக்களே, இந்த வாரக் கணக்கு எங்க அண்ணாச்சியோடது. கோவில்பட்டிக்காரர். எனக்கு நாலு வருஷம் சீனியர். படிச்சு முடிச்சு இங்கயே கொலராடோவுல வேலை பாக்குறார். கையில ஒரு டீசல் எஸ்யூவி இருக்கு. அதைக் கொடுத்துட்டு, லிஃப்ட் பண்ணி 35 இஞ்ச் டயர் மாட்டின 2014 மாடல் பெட்ரோல் ராங்லர் ரூபிகான் ஒண்ணை வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கார். "எலே, நீ மெக்கானிக்கல்தான படிக்க? வந்து பாத்துச் சொல்லு"ன்னுட்டார். மாஸ்டர்ஸ் பையனை நம்பி ஒரு மனுஷன் சேமிப்பையெல்லாம் போடப்போறார். ஜோக்கடிச்சுட்டு நழுவ முடியாத இடம்.

எனக்குப் பட்டது என்னன்னா, இது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு கேள்வி. டீசலை விடுறது ஒண்ணு. உயரத்தை வாங்குறது இன்னொண்ணு. ஒரே வண்டியில சேர்ந்து வர்றதால ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்குறோம்.

முதல்ல டீசல். நம்ம ஆளுங்களுக்கு மலைன்னாலே டீசல் ஜீப்தான். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு முதுகெலும்பைக் கழட்டிக்கிட்டே ஏறுமே, அதே ஜாதி. ஆனா ஜீப்போட பூர்வீகம் பெட்ரோல். 1941ல வந்த வில்லிஸ் ஜீப்புல இருந்தது 60 குதிரைத்திறன் பெட்ரோல் இஞ்சின். மஹிந்திரா 1947ல அந்த வில்லிஸைத்தான் பூட்ட ஆரம்பிச்சாங்க. நம்மூர்ல டீசல் விலையை அரசாங்கம் 2014 அக்டோபர் வரைக்கும் கையில வச்சிருந்துச்சு, பெட்ரோலை விட மலிவு, அதனால டீசல் ஜெயிச்சுது. அமெரிக்காவுல கதை தலைகீழ். மத்திய அரசு வரியே பெட்ரோலுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்.

டீசலோட பலம் பொய்யில்ல. உதாரணத்துக்கு, 2014ல வந்த கிராண்ட் செரோகீ 3 லிட்டர் டீசல் 2000 சுத்துலயே 420 பவுண்ட்-அடி முறுக்குவிசை தரும். ரூபிகானோட 3.6 லிட்டர் பெட்ரோல் இஞ்சினை 4800 சுத்து வரைக்கும் கத்தவிட்டாலும் 260தான். கொலராடோவுல இன்னொரு விஷயமும் இருக்கு. டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத பலத்தை இழக்கும். இமோஜீன் கணவாய் 13,114 அடி. அங்க போறப்ப பெட்ரோல் இஞ்சின்ல மூணுல ஒரு பங்குக்கு மேல காணாமப் போயிடும். டர்போ டீசலுக்கு இந்தக் கஷ்டம் ரொம்பக் கம்மி.

அப்புறம் ஏன் டீசலை விடலாம்கிறேன்? அண்ணாச்சி வீட்டுக்கும் ஆபீசுக்கும் 4 மைல். டீசல் புகைபோக்கியில இருக்குற கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கணும்னா சுமார் 600 டிகிரி சூடு வேணும், அது கொஞ்ச நேரம் நிக்கவும் வேணும். 4 மைல்ல இஞ்சினே சரியா சூடாகாது. கரி சேரும், விளக்கு எரியும், மெக்கானிக் சிரிப்பார். கூடவே யூரியா திரவம் வேற ஊத்தணும். டீசல் நெடுஞ்சாலையில ஓடுறவங்களுக்கும் பாரம் இழுக்குறவங்களுக்கும் சரி. அண்ணாச்சி இழுக்குறதெல்லாம் வாரம் ஒரு தடவை இந்தியன் ஸ்டோர் அரிசி மூட்டைதான் :-)

மலையில பலம் போயிடுமேன்னு பயப்படவும் வேணாம். ரூபிகான்ல லோ ரேஞ்ச் கியர் 4 மடங்கு, ஆட்டோமேட்டிக்ல முதல் கியர் 3.59, ஆக்ஸில் 4.10. பெருக்குங்க, கிட்டத்தட்ட 59 மடங்கு. பாறையில ஏறுறது இஞ்சின் இல்ல மக்களே, கியர்!

இப்ப ரெண்டாவது கேள்வி, உயரம். பாடியை 3 இஞ்ச் தூக்கினா வண்டிக்கு அடியில எல்லா இடமும் 3 இஞ்ச் ஏறிடும்னு நினைக்கிறோம். ஏறாது. ஆக்ஸிலும் நடுவுல தொங்குற டிஃபரன்ஷியல் குண்டும் அதே இடத்துலதான் இருக்கும். அதைத் தூக்குறது டயர் மட்டும். 32 இஞ்ச் டயரைக் கழட்டி 35 போட்டா ஆரம் ஒன்றரை இஞ்ச் கூடும், அவ்வளவுதான் லாபம். லிஃப்ட் எதுக்குன்னா அந்தப் பெரிய டயர் உரசாம இருக்க, அப்புறம் மூக்கும் வயிறும் பாறையில இடிக்காம இருக்க.

இதுக்கு விலை உண்டு. பெரிய டயர்னால 4.10 கியர் 3.75 மாதிரி ஆயிடும், அந்த 59 மடங்கு 54க்கு வந்துடும். ஸ்பீடோமீட்டரைத் திருத்தலைன்னா 60னு காட்டுறப்ப நிஜத்துல 65க்கு மேல போய்க்கிட்டிருப்பீங்க. கவிழ்ற கணக்கு இன்னும் முக்கியம். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்குற அகலத்தை, ஈர்ப்பு மையம் இருக்குற உயரத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். அகலம் 62, உயரம் 27 இஞ்ச்னு வச்சுக்குவோம், 1.15 வரும். மையம் 3 இஞ்ச் ஏறினா 1.03. இந்த எண் குறையக் குறைய வண்டி கவிழ்றது சுலபம். நெடுஞ்சாலையில மான் குறுக்க வந்து சடக்குனு ஸ்டியரிங்கை ஒடிக்கிறப்பதான் இது புரியும்.

அந்த ராங்லருக்கு அடியில படுத்துப் பாத்தேன். ஸ்ப்ரிங் மேல ஸ்பேசர் வச்சுத் தூக்கியிருக்காங்க. கன்ட்ரோல் ஆர்ம் பழசு, ஆக்ஸில் கியரும் மாத்தலை. பழைய ஓனர் உயரத்துக்குச் செலவு பண்ணியிருக்கார், மத்ததுக்குப் பண்ணலை. அதையெல்லாம் சரிபண்ணப்போற பாக்கெட் அண்ணாச்சியோடது.

எழுந்து தூசியைத் தட்டிக்கிட்டு ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணாச்சி, மதினிக்கு ஜூன்ல பிரசவம். அம்மா ஏப்ரல்ல ஊர்லயிருந்து வாராங்க. முட்டிவலியோட இதுல எப்படி ஏறுவாங்க?"

அண்ணாச்சி பேசலை. கதவைத் திறந்து, படிக்கும் தரைக்கும் நடுவுல கையால அளந்து பாத்தார். தன்னோட முட்டிக்கு மேல வந்துச்சு. மறுபடியும் அளந்தார். நான் சொன்ன 1.03 எல்லாம் செய்யாததை அந்த ஒரு சாண் கணக்கு செஞ்சுது.

ஒருவேளை அண்ணாச்சி தனிக்கட்டையா இருந்து, சனி ஞாயிறானா மலைக்குப் போற ஆளா இருந்தா, நானே "வாங்குங்க, முதல்ல கியரை மாத்துங்க"ன்னு சொல்லியிருப்பேன். உயரம் தப்பில்ல. ஆனா தூக்காத வண்டியை எப்ப வேணா தூக்கிக்கலாம். அரைகுறையா தூக்கினதை வாங்கிட்டு இறக்குறதுக்குச் செலவு பண்றதுதான் கொடுமை.

முடிவு: டீசல் போகுது. பெட்ரோல் ரூபிகானே வருது, ஆனா கம்பெனியில வந்த உயரத்துல, 32 இஞ்ச் டயரோட. பக்கத்து ஊர்ல ஒண்ணு இருக்காம், வர்ற சனிக்கிழமை பாக்கப் போறோம். "உயரத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்லே, அம்மா ஊருக்குப் போன பொறவு"ன்னார். ஆசை இன்னும் போகலை, ஒத்திதான் வச்சிருக்கார்.

டிஸ்கி: தங்கமணிகளுக்குத் தெரியாம வண்டியைத் தூக்கின ரங்கமணிகள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து அனுபவத்தைச் சொல்லுங்க. பேர் போட வேணாம் :-)