நோயாளிக்குக் கதவடையாத போட்டி

இலவச அரசாங்க வைத்தியசாலைக்குப் பழகிய நமக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல்லாண்டாக நிகழும் விவாதமொன்று புதுமையாகத் தோன்றும். தனியார் காப்புறுதிக் கம்பனிகளோடு அரசாங்கமும் ஒரு காப்புறுதித் திட்டத்தை நடத்திப் போட்டியிடலாமா என்பதே அவ்விவாதம்.

1965 ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தினால், 65 வயதை அடைந்தோருக்கு ‘மெடிக்கெயார்’ என்னும் அரசாங்கக் காப்புறுதி கிடைத்தது. ஏனையோரிற் பெரும்பாலார் தனியார் கம்பனிகளையே நம்பியிருந்தனர். 2009 இல், அவர்களுள் ஒரு பகுதியினர் விரும்பினாற் சேரத்தக்க அரசாங்கத் திட்டமொன்றும் வேண்டுமென்ற யோசனை வலுப்பெற்றது. அதனை உள்ளடக்கிய மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 220 க்கு 215 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. செனற் சபையோ அப்பகுதியை நீக்கிவிட்டது. 2010 இல் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

அரசாங்கம் இலாபம் தேடவேண்டியதில்லை. ஆதலால் கட்டணம் குறையும் என்றனர் ஆதரித்தோர். விதி வகுப்பவரே ஆட்டத்திலும் இறங்கினால் மற்றவர் எவ்வாறு வெல்வார் என்றனர் எதிர்த்தோர். இரு கூற்றிலும் உண்மையுண்டு. எனினும், அவற்றினும் முந்திய கேள்வி ஒன்றுண்டு: நோயாளியை ஏற்பவர் யார்?

கம்பனிகள் நோயுற்றோரைத் தள்ளிவிடலாமெனில், அவர்கள் அனைவரும் அரசாங்கத்தின் வாசலிலேயே வந்து சேர்வர். நல்லுடலினர் கம்பனிகளிடம் செல்வர். பின்னர் அரசாங்கத் திட்டத்தின் கணக்கிலே நட்டம் காணின், அதனைத் திறமைக் குறைவென்று கூறுதல் நீதியாகுமா? இது கருதியே 2010 ஆம் ஆண்டுச் சட்டம், முன்னரே நோயுள்ளவரை மறுப்பதையும் அவரிடம் கூடிய கட்டணம் பெறுவதையும் 2014 முதல் தடுத்தது. சுகதேகிகளை அதிகமாகக் கொண்ட திட்டங்களிடமிருந்து நோயாளரை அதிகமாகக் கொண்ட திட்டங்களுக்குப் பணம் செல்லவும் வகைசெய்தது.

ஆயினும் விதிகள் மட்டும் போதா என்பதற்கு மெடிக்கெயாரே சான்று. இன்று அதன் பயனாளரிற் பாதிக்கு மேற்பட்டோர், அரசாங்கப் பணத்தைப் பெற்றுத் தனியார் நடத்தும் திட்டங்களில் உள்ளனர். அவர்களை நேரடித் திட்டத்தில் வைத்திருந்தால் ஆகும் செலவிலும் கூடுதலாகவே அரசாங்கம் கொடுக்கின்றதென, அந்நாட்டுக் காங்கிரசுக்கு ஆலோசனை கூறும் ஆணைக்குழு கணித்துள்ளது. செலவு குறைந்தவர்கள் அத்திட்டங்களில் அதிகமாகச் சேர்வதும் அதற்கொரு காரணமாம்.

ஆதலின், அரசாங்கமா தனியாரா என்று கேட்குமுன், நோயாளியை மறுக்கும் உரிமை எவரிடமுள்ளது என்று கேட்டல் வேண்டும். நோயாளியை விலக்கி வெல்வது வெற்றியன்று. அவரை ஏற்றுக் குறைந்த செலவிற் பேணுவதே வெற்றி.