பிறந்த குழந்தையின் நாவில் தேன்: செவிலியர் தடுத்தால் சினம் கொள்ளலாமா?

பேகம்பூரிலோ அதைச் சுற்றிய தெருக்களிலோ ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், காதில் பாங்கு சொல்ல ஒருவர், நாவில் இனிப்புத் தொட்டு வைக்க ஒருவர் என ஆள் குறிப்பதே நம் மகிழ்ச்சியின் முதல் வேலை. அந்த மகிழ்ச்சி அண்மையில் திண்டுக்கல்லின் ஒரு மகப்பேறு வார்டில் சச்சரவாக மாறியதைக் கண்டோம். பிறந்து சில மணி நேரமே ஆன பேரனுக்காக நன்னிமா தேன் பாட்டிலைத் திறந்தார். “ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் கூடாதும்மா” என்று செவிலியர் தடுத்தார். “எங்க மார்க்கத்துல உள்ளதைத் தடுக்க நீ யாரு?” என்று உடன் வந்தவர்கள் குரல் உயர்த்தினார்கள். அவர் காரணம் சொல்ல முற்பட்டார், கேட்பாரில்லை.

அந்தச் செவிலியர் சொன்னது சரியா? அது மார்க்கத்திற்கு எதிரானதா? இவ்விரு கேள்விகளையும் நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

மண்ணில் வாழும் போட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் தேனில் கலந்திருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். மலச்சிக்கல், மெலிந்த அழுகை, பால் உறிஞ்ச இயலாமை, தசைத் தளர்ச்சி என நோய் வளர்ந்து மூச்சையே தடுக்கும். இந்நோய் இன்னதென்று 1976இல்தான் மருத்துவ உலகம் அறிந்தது. அரிதான நோய்தான், ஆனால் கொடியது. “இது சிறுமலைத் தேன், கலப்படமில்லாதது” என்பதும் காப்பாகாது. கலப்படமற்ற தேனிலும் வித்து இருக்கலாம்; வீட்டில் காய்ச்சினாலும் அது அழியாது.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். நபி (ஸல்) அவர்கள் பேரீத்தம்பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவியதாகவே தஹ்னீக் பற்றிய நபிமொழிகள் கூறுகின்றன. பழம் கிடைக்காதபோது வேறு இனிப்பைக் கொள்ளலாம் என அறிஞர்கள் கூறியிருப்பது உண்மை. ஆனால் அனுமதி வேறு, கடமை வேறு. தீங்கைத் தவிர்ப்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தேனில் நிவாரணம் உண்டு என்ற இறைவசனம், அதை எந்த வயதினருக்கும் புகட்டுமாறு நமக்குக் கட்டளையிடவில்லை.

இன்னொரு தவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். “தஹ்னீக்கை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்ற செய்திகளை நாம் பகிர்ந்து மகிழ்கிறோம். அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது நியூசிலாந்து மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு. இரத்தச் சர்க்கரை குறையும் வாய்ப்புள்ள குழந்தைகளின் கன்னத்தின் உட்புறத்தில், 40 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் கொண்ட ஜெல்லை அளவாகத் தடவி அவர்கள் சோதித்தார்கள். பலன் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வு மென்ற பழத்தைப் பற்றியதன்று. எல்லாக் குழந்தைகளையும் பற்றியதுமன்று. சுன்னத்துக்கு ஆய்வகத்தின் சான்றிதழ் தேவையில்லை. சொல்லாததைச் சொன்னதாக ஆய்வின் மீது ஏற்றுவது உண்மைக்குச் செய்யும் துரோகம்.

செவிலியர் பணி வழக்கத்தை மட்டும் நம்பி நடப்பதன்று. ஒரு காலத்தில் தொப்புள்கொடியில் சாணமும் சாம்பலும் வைத்தார்கள். எத்தனையோ சிசுக்கள் டெட்டனஸால் மாண்டன. தடுப்பூசியும், செவிலியர்கள் வலியுறுத்திய சுத்தமான பிரசவமும் அந்நிலையை மாற்றின. தாய்–சேய் டெட்டனஸ் ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா 2015இல் அறிவிக்கப்பட்டது. அன்றும் வீட்டாரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டுதான் அவர்கள் அதைச் சாதித்திருப்பார்கள்.

நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல், நோயாளியின் விருப்பத்தை மதித்தல், அனைவருக்கும் நீதி ஆகிய நான்கும் மருத்துவ அறத்தின் தூண்கள். இங்கே நோயாளி, வாய் பேச இயலாத சிசு. பெற்றோரின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அது சிசுவின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையாகாது. செவிலியருக்கும் கடமை உண்டு. “கூடாது” என்பதோடு நில்லாமல், நம்பிக்கையை இகழாமல், காரணத்தை எளிய தமிழில் விளக்க வேண்டும். பிரசவத்திற்குப் பிறகு வார்டில் வாதிடுவதைவிட, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே இதைப் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

நாம் செய்யக்கூடியது இதுதான். முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். சேனைத் தண்ணீர் வேண்டாம். தஹ்னீக் செய்ய விரும்பினால் மருத்துவரைக் கலந்து, கைகளைக் கழுவி, நோயற்ற ஒருவர் பேரீத்தம்பழத்தின் சாற்றை மிகச் சிறிதளவே தடவட்டும். குறைமாதக் குழந்தையாயின் காத்திருப்போம். பிறந்த நிமிடத்திலேயே செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் (ரலி) அவர்களை, நபி (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சேர்த்தார்கள். அறிந்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பண்பு அதில் இருக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி முதல் சிற்றூரின் துணைச் சுகாதார நிலையம் வரை, நம் பிள்ளைகளை முதலில் ஏந்தும் கரங்கள் செவிலியருடையவை. நம் பெண் மக்களும் இன்று அப்பணிக்கு வருகிறார்கள். நாளை அவர்களிடம் ஒருவர் குரல் உயர்த்தினால் நமக்கு எப்படி இருக்கும்?

அந்தச் செவிலியர் காத்தது நம் பேரனை. அவருக்கு நாம் சொல்ல வேண்டியது ஜஸாக்கல்லாஹு கைர். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.