தடாகத்துக்குச் செலவழித்தோம், வேலிக்கு மனம் வரவில்லை

இரவில் கடையை மூடும்போது இரண்டு பூட்டுப் போட்டு, இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். சரக்குக்குக் காப்புறுதி, லொறிக்குக் காப்புறுதி எல்லாம் இருக்கிறது. ஆனால் வீட்டு வளவில் ஐந்தடி ஆழத்துக்குத் தண்ணீரை நிரப்பிவிட்டு, ஒரு கேற்கூடப் போடாமல் நிம்மதியாக நித்திரை கொள்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது நம்மவர்கள் பலர் நீர்கொழும்பு, பெந்தோட்டை, பொல்கொடைப் பக்கங்களில் காணி வாங்கி, நீச்சல் தடாகத்தோடு வீடு கட்டி, வார இறுதியில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நானும் மைத்துனரும் அப்படியொன்று கட்டினோம். தடாகத்தைச் சுற்றி வேலி போடுவோம் என்று பாஸ் சொன்னார். வீட்டின் அழகு கெட்டுவிடும் என்று மறுத்தவன் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்கு வந்த குடும்பம் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், நான்கு வயதுப் பிள்ளை தண்ணீரில் விழுந்தது. பதினைந்து பேர் பக்கத்தில் இருந்தும் ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை. மூழ்கும் பிள்ளை கத்தாது, கத்த மூச்சு இருக்காது. தோட்டத்தில் நின்ற பையன் கண்டு குதித்துத் தூக்கினான். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தது. இன்னும் சில நிமிடங்கள் போயிருந்தால் மூளை பாதிக்கப்பட்டிருக்கும், அல்லது உயிரே போயிருக்கும்.

மறுநாள் காப்புறுதிப் பத்திரத்தோடு முகவரிடம் போனேன். "ஹாஜியார், நீங்கள் குடியிருக்கும் வீடு என்றுதானே இதில் எழுதியிருக்கிறது? வாடகைக்கு விடுவதாகவோ, தடாகம் இருப்பதாகவோ ஒரு வரியும் இல்லையே. ஏதும் நடந்திருந்தால் ஒரு சதமும் கிடைத்திராது" என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக் காப்புறுதி முக்கியமாகக் கட்டடத்துக்கு நெருப்பு, புயல் போன்றவற்றால் வரும் சேதத்துக்கு உரியது. நமது வளவில் இன்னொருவருக்கு நேரும் காயத்துக்கோ மரணத்துக்கோ பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமான விடயத்தை நாம் சொல்லாமல் விட்டால் நட்டஈட்டை மறுக்கக் கம்பனிக்கு இடமுண்டு. தகாபுல் எடுத்தவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் காப்புறுதி பணத்தைத்தான் தரும், பிள்ளையைத் தராது. ஆகவே முதல் வேலை வேலிதான். அவுஸ்திரேலியாவில் வீட்டுத் தடாகத்துக்கு 1.2 மீற்றர், அதாவது ஏறத்தாழ நான்கடி உயரத் தடுப்பைச் சட்டமே கேட்கிறது. பிரான்சும் 2003இல் தடாகப் பாதுகாப்புக்குச் சட்டம் கொண்டுவந்தது. வேலி நான்கு பக்கமும் இருக்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கணக்கெடுத்தால், வீட்டுக் கதவால் பிள்ளை நேரே தண்ணீருக்குப் போய்விடும். கேற் தானாக மூடித் தானாகக் கொளுவிக்கொள்ள வேண்டும். பிள்ளை ஏறக்கூடிய கதிரை, பூச்சாடி எதையும் வேலியோடு வைக்கக்கூடாது.

தண்ணீரை இழுக்கும் வடிகால் மூடியையும் பாருங்கள். அமெரிக்காவின் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, 2002இல் அந்த இழுவையில் சிக்கி இறந்தாள். 2007இல் அங்கு அதற்கெனச் சட்டம் வந்தது.

பிள்ளைகளைப் பெற்றோர்தானே பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். காசாளர் நம்பிக்கையானவர் என்பதற்காகக் கடையில் பெட்டகம் வைக்காமலா இருக்கிறோம்?

இப்போது வேலி போட்டுவிட்டேன். தடாகத்துக்கு ஒட்டிய டைல்ஸ் செலவில் பாதிகூட ஆகவில்லை. பத்திரத்தையும் திருத்தி எழுதுவித்தேன், கட்டணம் கொஞ்சம் கூடியது. நீங்களும் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறதென்று அலுமாரியில் பூட்டி வைக்காமல், தெரிந்த ஒருவரைக் கொண்டு இந்த வாரமே வாசிப்பித்துப் பாருங்கள். வாடகை, தடாகம் என்ற இரண்டும் அதில் இல்லாவிட்டால், அடுத்த குடும்பத்துக்குச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.