பெரிய டிஸ்க் போட்டால் போதுமா?

கல்லூரியோ அலுவலகமோ, இணையம் மந்தமானால் உடனே வரும் யோசனை இதுதான்: “ப்ராக்ஸி சர்வருக்கு இன்னும் பெரிய டிஸ்க் வாங்கிப் போடுங்கள். டிஸ்க்தான் மலிவாகக் கிடைக்கிறதே!” இது தவறான நம்பிக்கை. நன்றாக ஓடும் சர்வரையும் படுக்கவைக்கும் நம்பிக்கை.

ஒருமுறை வந்த பக்கங்களைச் சேமித்துவைத்து (இதுதான் கேச்) மறுபடி கேட்கும்போது தரும் ப்ராக்ஸி மென்பொருளான ஸ்க்விட்டையே எடுத்துக்கொள்வோம். டிஸ்க்கில் சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அது ராமில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. கேட்ட பக்கம் கையிருப்பில் உண்டா என்று டிஸ்க்கைத் தொடாமலே சொல்வது இந்தக் குறிப்பால்தான். 64 பிட் கணினியில் ஒரு ஜிபி டிஸ்க் கேச்சுக்குச் சுமார் 14 எம்பி ராம் இதற்கே போய்விடும். 8 ஜிபி ராம் உள்ள சர்வரில் 500 ஜிபி கேச் வைத்துப் பாருங்கள். கேச் நிரம்பும்போது குறிப்புகள் மட்டுமே 7 ஜிபியை விழுங்கியிருக்கும். மிச்சமுள்ள ஒரு ஜிபியில் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் மற்ற வேலைகளும் அடங்காது, ஸ்வாப் தொடங்கும். ராமில் நொடியில் தேட வேண்டியதை டிஸ்க்கில் துழாவ வேண்டிவரும்.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே ஓடும். டிஸ்க் நிரம்ப நிரம்பத்தான் ராம் கரையும். அதனால்தான் உண்மைக் காரணம் யார் கண்ணிலும் படுவதில்லை. பழி இணைப்புக் கொடுத்தவர் மேல் விழுகிறது.

‘கேச் மெம்’ அமைப்பில் ஓர் அளவைக் குறித்துவிட்டால் ஸ்க்விட் அதைத் தாண்டாது என்று நினைப்பதும் இதே கோளாறுதான். அந்த அளவு, ராமில் வைக்கும் பக்கங்களுக்கு மட்டுமே. டிஸ்க் குறிப்புகளுக்கான ராம் அதற்கு வெளியே, தனிக் கணக்கு.

“டிஸ்க் பெரிதானால் கேச்சிலிருந்தே கிடைக்கும் பக்கங்களும் கூடுமே?” என்பார்கள். கூடும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல. வலைக் கேச் பற்றி 1999இல் பிரெஸ்லாவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பலன் மடக்கை வேகத்தில்தான் உயர்கிறது என்று காட்டியது. அதாவது, கேச்சை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கிடைப்பது ஏறத்தாழ அதே சிறு கூடுதல்தான். போதாக்குறைக்கு, இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் வழியே மறையாக்கத்துடன் வருகின்றன. மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்காத ப்ராக்ஸி அவற்றை அப்படியே கடத்திவிடும், எதையும் சேமிக்காது. அங்கே பெரிய டிஸ்க் வெறும் அலங்காரம்.

கணக்கை ராமிலிருந்து தொடங்குங்கள். அதே 8 ஜிபியில் சிஸ்டத்துக்கும் கேச் மெம்முக்கும் மற்ற தேவைகளுக்கும் 5 ஜிபி ஒதுக்கினால், மிஞ்சும் 3 ஜிபி சுமார் 200 ஜிபி டிஸ்க்கைத் தாங்கும். அதுவே வரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் முதலில் ராமை வாங்குங்கள். அதற்கும் முன்னால் ஸ்க்விட்டின் லாக்கை (பதிவுக் கோப்பை) திறந்து, இப்போதுள்ள கேச் உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று பாருங்கள். டிஸ்க் விலைப்பட்டியலைப் பார்த்துக் கேச்சின் அளவை முடிவு செய்யும் வழக்கம் ஒழிய வேண்டும்.