ஓட்டுப் போட்டுக் கொடுத்த வீட்டோ

லீக்டன்ஸ்டைனின் தேசிய தினமும் ஆகஸ்ட் 15தான். ஸ்விட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, 160 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் நாடு. அன்று ஊரே தலைநகர் வாடுஸின் கோட்டைக்குத் திரளும். அரச குடும்பம் தோட்டத்தைத் திறந்துவிட்டு, வந்தவர்களுக்கு பீர் வழங்கி உபசரிக்கும். 2011ல் அதே நாளில் ஆற்றிய உரையில்தான் பட்டத்து இளவரசர் அலாய்ஸ் ஒரு குண்டைப் போட்டார். கருக்கலைப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் யோசனை அடுத்த மாதம் மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்தாலும் அதில் கையெழுத்திடப் போவதில்லை என்றார்.

கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களுக்குள் கருவைக் கலைத்தாலோ, கருவுக்குக் கடும் ஊனம் இருந்து கலைத்தாலோ தண்டனை கூடாது என்பதுதான் அந்த யோசனை. அப்போதிருந்த சட்டப்படி கருவைக் கலைக்கும் பெண்ணுக்கு ஓராண்டு வரை சிறை. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 52 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர் எதிர்த்ததால் யோசனை தோற்றது. இளவரசரின் பேனாவுக்கு வேலை வரவில்லை. எப்படியும் செல்லாமல் போகும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஓட்டைப் போட எத்தனை பேர் மெனக்கெட்டிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

ஐரோப்பாவின் மற்ற முடியாட்சிகளில் அரசர்கள் ரிப்பன் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே நிலைமை அப்படியல்ல. ராஜா என்ற பட்டமே கிடையாது. நாட்டின் தலைவர் வெறும் 'பிரின்ஸ்'தான். ஆனால் அவர் ஆறு மாதங்களுக்குள் ஒப்புதல் தராத சட்டம் தானாகவே செத்துப்போகும். அரசாங்கத்தை அவர் டிஸ்மிஸ் செய்யலாம், தகுந்த காரணம் காட்டி நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைவரும் அவரே; அவர் சம்மதிக்காத பெயர் நாடாளுமன்றத்தின் முன் போகாது. 25 உறுப்பினர்கள் கொண்ட அந்த நாடாளுமன்றமோ பகுதி நேர வேலை. வக்கீலும் ஆசிரியரும் தங்கள் தொழிலுக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

இத்தனை அதிகாரமும் பழைய காலத்து மிச்சம் என்று நினைத்தால் தவறு. அரச வம்சம் இந்த மண்ணில் குடியேறியதே 1938ல்தான். 1699லும் 1712லும் இரண்டு சிறு பிரதேசங்களை விலைக்கு வாங்கிய பிறகு, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆஸ்திரியப் பகுதிகளில் இருந்துகொண்டே ஆண்டது. 1989ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஹான்ஸ் ஆடம்தான் மக்கள் பிரதிநிதிகளோடு மல்லுக்கு நின்றார். 1992ல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்வதற்கான வாக்கெடுப்பை ஸ்விட்சர்லாந்துக்கு முன்பே நடத்த வேண்டும் என்றார் அவர். பிறகு நடத்தலாம் என்றது அரசாங்கம். தேதிச் சண்டை முற்றி, அரசாங்கத்தையே கலைத்துவிடும் அளவுக்குப் போனது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் சமரசம் ஏற்பட்டு, ஸ்விட்சர்லாந்து வாக்களித்த அடுத்த வாரம் லீக்டன்ஸ்டைன் வாக்களித்தது.

ஹெர்பர்ட் வில்லெ விவகாரம் இன்னும் மோசம். நிர்வாக நீதிமன்றத்தின் தலைவரான அவர், 1995ல் ஒரு சொற்பொழிவில், அரசியல் சட்டத்தின் பொருளில் பிரின்ஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் தகராறு வந்தால் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லலாம் என்று கருத்துக் கூறினார். அவ்வளவுதான். இனி அவரை எந்தப் பதவியிலும் நியமிக்கப் போவதில்லை என்று பிரின்ஸிடமிருந்து கடிதம் வந்தது. பதவிக் காலம் முடிந்தபோது நாடாளுமன்றம் மீண்டும் அவர் பெயரையே முன்மொழிந்தும் பிரின்ஸ் மறுத்துவிட்டார். வில்லெ ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் படியேறினார். அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டதாக 1999ல் தீர்ப்பு வந்தது.

வேறொருவராக இருந்தால் அடங்கியிருப்பார். ஹான்ஸ் ஆடம் தன் அதிகாரங்களை உறுதி செய்யும் திருத்தங்களைத் தயாரித்து, நிறைவேறாவிட்டால் குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போய்விடுவதாக மிரட்டினார். ஜனநாயகத்தில் இது பின்னோக்கிய நடை என்று ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட நிபுணர்கள் எச்சரித்தார்கள். 2003 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 64 சதவீதம் பேர் பிரின்ஸ் பக்கம் நின்றார்கள்.

அவரும் பதிலுக்குச் சிலவற்றைக் கொடுத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1,500 குடிமக்கள் கையெழுத்திட்டால் பிரின்ஸ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடலாம். முடியாட்சியையே ஒழிக்கும் முயற்சியையும் அதே எண்ணிக்கையில் தொடங்கலாம். நாட்டிலுள்ள 11 ஊராட்சிகளில் எது வேண்டுமானாலும் வாக்களித்துப் பிரிந்து போகலாம். எந்தக் கூட்டாட்சியும் தன் மாநிலங்களுக்குக் கொடுக்கத் தயங்கும் உரிமை அது. கதவு திறந்திருக்கும்போது உள்ளே இருப்பவரைக் கைதி என்று சொல்ல முடியாது என்பது பிரின்ஸ் தரப்பின் வாதம். ஆனால் ஒரு கருக்கலைப்புச் சட்டத்துக்காக முடியாட்சியையே தூக்கியெறிய வேண்டும் என்றால், அது நியாயமான தேர்வா? வீட்டை இடித்தால்தான் ஜன்னலைத் திறக்கலாம் என்பது போலிருக்கிறது.

கருக்கலைப்பு வாக்கெடுப்பு முடிந்த கையோடு சில குடிமக்கள் இதைத்தான் கேட்டார்கள். மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்த சட்டத்தை மட்டுமாவது பிரின்ஸ் தடுக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. 2012 ஜூலையில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது 76 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அலாய்ஸ் இதிலும் முன்கூட்டியே, திருத்தம் நிறைவேறினால் விலகிக்கொள்வோம் என்று கோடி காட்டியிருந்தார். குறைந்த வரி, நிறைந்த வங்கிகள், செல்வச் செழிப்பு எல்லாம் அரச குடும்பத்தோடு பிணைந்தவை என்று நம்பும் நாட்டில் அந்த ஒரு வாக்கியம் போதும்.

வீட்டோ அபூர்வமாகத்தான் பயன்படுகிறது, 1961ல் ஒரு வேட்டைச் சட்டம் தடுக்கப்பட்டதைத் தவிரச் சொல்லும்படி எதுவுமில்லை என்று ஆதரவாளர்கள் சமாதானம் சொல்கிறார்கள். வெறும் அறிவிப்பிலேயே காரியம் முடிந்துவிட்டால் பிறகு எதற்குப் பயன்படுத்த வேண்டும்?

மக்கள் தீர்ப்பு எப்போதும் முற்போக்காக இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் யோசனையை 1971லும் 1973லும் இந்நாட்டு ஆண்கள் தோற்கடித்தார்கள். 1984ல்தான், அதுவும் 51 சதவீத ஆதரவோடு, அது தப்பிப் பிழைத்தது. ஒரே பாலினத் திருமணச் சட்டத்தை 2024ல் நாடாளுமன்றம் 24 ஓட்டுகளோடு நிறைவேற்றியபோது கோட்டை குறுக்கே நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் பிரிகிட்டே ஹாஸ் நாட்டின் முதல் பெண் பிரதமரானார். நாடாளுமன்றம் பெயரை முன்மொழிந்தது, அலாய்ஸ் நியமித்தார்.