பழைய பெட்டிக்கு இரண்டாவது மூளை

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை மாதிரியான இடங்களில் ஒரு பழக்கம் உண்டு. பல வருடம் உழைத்த சிஎன்சி மிஷினில் கன்ட்ரோலர் போய்விட்டால், மிஷினையே காயலான் கடைக்குத் தள்ளிவிட மாட்டார்கள். வார்ப்பிரும்பு உடம்பு கல் மாதிரி இருக்கிறதே! மூளையை மட்டும் மாற்றுவார்கள். 'ரெட்ரோஃபிட்' என்று அதற்குப் பெயர்.

அதே வைத்தியத்தைப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் செய்யலாம். பெட்டி, கீபோர்டு, திரை எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே வேகமான பிராசஸர் கொண்ட ஒரு கார்டு மட்டும் புதிதாகச் சேரும். இதை ஆக்ஸிலரேட்டர் கார்டு என்பார்கள். அமிகா, ஆப்பிள் 2 என்று பல பழைய மாடல்களுக்கு இது உண்டு. ஆனால் நமக்குக் கொஞ்சம் சொந்தமான கதை பிபிசி மைக்ரோவுடையது.

1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் 250 பள்ளிகள். அன்று மேசையில் வந்து உட்கார்ந்தது இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் வாங்கி 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதை இங்கேயே தயாரித்தது. வெளிர் மஞ்சள் பெட்டி, மேல் வரிசையில் சிவப்பு பட்டன்கள். அன்று ஒன்பதாம் வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போனவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

பெட்டியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். வாட்ஸ்அப்பில் காலையில் வரும் ஒரே ஒரு 'குட் மார்னிங்' பூப்படம்கூட அதற்குள் அடங்காது. அதிலும் பளிச்சென்ற வண்ணத்தில் திரை வேண்டுமென்றால் அதற்கே 20 கிலோபைட் போய்விடும். பிராசஸரின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ்.

இது போதாது என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால் பெட்டியின் அடிப்பக்கம் 40 பின் கொண்ட ஒரு வாயை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். பெயர் 'டியூப்'. இரண்டாவது பிராசஸரை அதில் செருகலாம். சின்ன ஹோட்டலில் ஒரே ஆள் ஆர்டர் வாங்கி, தோசை சுட்டு, பரிமாறினால் எப்படித் திணறுவார்? அதுதான் பழைய நிலைமை. டியூபில் இன்னொன்று சேர்ந்ததும், பழைய பிராசஸர் சப்ளையராகிவிடும்: கீபோர்டு, திரை, டிஸ்க் மட்டும் அதன் பொறுப்பு. அடுப்படி முழுக்கப் புது மாஸ்டருக்கு. ஏகார்ன் விற்ற இரண்டாவது பிராசஸர் ஒன்று 3 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 64 கிலோபைட் நினைவகமும் தனியாக வைத்திருந்தது. திரை அதில் ஒரு பைட்டைக்கூடத் தொடாது.

அந்த வாயில்தான் 1985 ஏப்ரல் 26 அன்று வேறொரு சிப்பைச் செருகினார்கள். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் ஏகார்னில் வடிவமைத்த புது பிராசஸர் அது. சிப் கைக்கு வருவதற்கு முன்பே, அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை பேஸிக் மொழியில் எழுதி, பிபிசி மைக்ரோவிலேயே ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஆகவே செருகியதும் ஓடியது. எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் பூஜ்யம்! கடைசியில் பார்த்தால், போர்டில் இருந்த ஒரு கோளாறால் சிப்புக்கு கரன்ட் இணைப்பே போகவில்லை. மற்ற கால்கள் வழியாக வந்த சிக்னலில் கசிந்த துளி கரன்ட்டிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சிக்கனம் பேட்டரிக்காக யோசித்தது அல்ல. சூடு குறைந்தால் விலை மலிவான பிளாஸ்டிக் உறை போதும் என்ற நடுத்தரக் குடும்பக் கணக்குதான். ஒரு வாட்டுக்குள் அடக்க நினைத்தார்கள். பத்தில் ஒரு பங்கில் முடிந்தது. அந்த சிப்பின் பெயர் 'ஆர்ம்'. இன்று ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போனிலும் இருப்பது அதன் வாரிசுதான். இந்தப் பக்கத்தை நீங்கள் தள்ளித் தள்ளிப் படிக்கும் போனிலும்!

இப்போது கதை திரும்பி வந்திருக்கிறது. 'ராஸ்பெரி பை' என்ற உள்ளங்கை கம்ப்யூட்டரை அதே டியூபில் மாட்டிப் பழைய பெட்டிக்கு வேகம் கூட்டுகிறார்கள் ஆர்வலர்கள். அதற்கான மென்பொருள் இலவசம். பழைய பெட்டி 5 வோல்ட், பை 3.3 வோல்ட் என்பதால், நடுவில் ஒரு சின்ன மாற்று போர்டு கட்டாயம். நேரடியாக மாட்டினால் பை காலி. வேகமோ பழைய பிராசஸரைப் போல நூறு மடங்கை எட்டும். பைக்குள் இருப்பதும் ஆர்ம்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய பள்ளி ஸ்டோர் ரூமிலோ இப்படி ஒரு பெட்டி கிடைத்தால், ஆசையில் உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் பழைய பேப்பர் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரம் இழுத்திருக்கும். கரன்ட் பாய்ந்தால் வெடித்து, வீடு முழுக்கப் புகையும் நாற்றமும் பரவும். செலவு சொற்பம், முதலில் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். 240 வோல்ட் ஓடும் இடம் என்பதால் அதைத் தெரிந்த மெக்கானிக்தான் திறக்க வேண்டும்.

அதன் பிறகு சுவிட்சைப் போட்டால், பள்ளியில் கேட்ட அதே 'பூ-பீப்' சத்தம் வரும். ஆனால் திரையில் வழக்கமாக வரும் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' இருக்காது. 'ஏகார்ன் டியூப் 6502 64கே' என்று வரும்.