சேவைக் கட்டணம் யாருக்குப் போய்ச் சேர்கிறது?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்குத் தீவு விருந்தினர் நிறைந்த வீடாகிவிடுகிறது. பத்து பெரிங்கிக் கடற்கரை விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. கொடிமலை இரயிலுக்கு நீண்ட வரிசை. நம் பெற்றோர்களும் ஆண்டில் ஒரு முறையேனும் பிள்ளைகளை நல்ல உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். இயன்றவர்கள் ஓரிரவு விடுதியிலும் தங்குகிறார்கள். புறப்படும் நேரத்தில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. ‘டிப்ஸ்’ வைக்க வேண்டுமா? வைத்தால் எவ்வளவு?

இதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விடை கிடையாது. அமெரிக்காவில் கொடுக்காமல் எழுந்தால் குற்றம் செய்தவரைப் போலப் பார்ப்பார்கள். அங்கே அன்பளிப்புப் பெறும் ஊழியருக்குக் கூட்டரசுச் சட்டம் விதித்துள்ள குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2 டாலர் 13 காசுதான். 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டெனினும், மீதத்தை வாடிக்கையாளர் கொடுப்பார் என்பதே ஏற்பாடு. ஜப்பானில் கொடுக்கும் வழக்கமே இல்லை. ஐரோப்பியர் விடுமுறைக்குக் குவியும் ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவில் விழுக்காட்டுக் கணக்கு ஏதுமில்லை. மனநிறைவு இருந்தால் சில நாணயங்களை மேசையில் விட்டுச் செல்கிறார்கள். அதற்கு ஸ்பானிய மொழியில் ‘புரொபீனா’ என்று பெயர். ஒருவரின் நலம் வாழ்த்திக் குடிப்பது என்னும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் ‘குடிப்பதற்கு’ என்றும் ஜெர்மானியர் ‘குடிக்கும் பணம்’ என்றும் சொல்வார்கள். மலாயில் ‘டூயிட் கோப்பி’, காப்பிக்காசு. ஆனால் நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் ஆகிவிட்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் நாட்டில் ‘டிப்ஸ்’ வைப்பது கட்டாயமில்லை. ஆனால் பெரிய உணவகங்களிலும் விடுதிகளிலும் அதனை நாம் அறியாமலேயே கொடுத்துவிடுகிறோம். விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். மற்றொன்று அரசாங்கத்தின் சேவை வரி. உணவுக்கு அவ்வரி 6 விழுக்காடு. விடுதி அறைக்கு 2024 மார்ச் முதல் நாளிலிருந்து 8 விழுக்காடு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் அரசாங்கத்துக்கே போகின்றன என்று படித்தவர்கள்கூட எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வரிதான் அரசாங்கத்துக்கு. கட்டணத்தை வசூலிப்பது கடை.

அந்தப் பத்து விழுக்காடு யாருக்கு? தொழிற்சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் உள்ள விடுதிகளில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. மாதம் முழுவதும் சேர்ந்த சேவைக் கட்டணத்தை ஊழியர்களின் பதவிக்கும் பணிக்காலத்துக்கும் ஏற்பப் ‘புள்ளி’ கணக்கில் பகிர்ந்தளிப்பார்கள். அறைகள் நிரம்பிய மாதத்தில் ஒரு புள்ளியின் மதிப்பு உயரும்; வெறிச்சோடிய மாதத்தில் இறங்கும். அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் பல குடும்பங்களின் அடுப்பெரிந்தது இந்தப் புள்ளியில்தான். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது விருந்தினரும் இல்லை, புள்ளியும் இல்லை. அடிப்படைச் சம்பளம் மட்டுமே கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அவ்வாண்டு விடுதி ஊழியர்களின் வீடுகள் அறிந்துகொண்டன. அவ்வீட்டுப் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

அதற்கு முன்பே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2013-இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்தது. சில விடுதிகள், ஊழியர்களுக்குரிய சேவைக் கட்டணத்தையே எடுத்து அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்து, இதோ குறைந்தபட்சத்தை எட்டிவிட்டோம் என்று காட்ட முற்பட்டன. அதாவது, முதலாளி தம் பையிலிருந்து தர வேண்டிய உயர்வை ஊழியரின் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பது! விடுதி, மதுக்கூடம், உணவக ஊழியர் தேசியச் சங்கம் இதை எதிர்த்தது. 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்பது இப்போது நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம். குறைந்தபட்சச் சம்பளமும் 2025-இல் 1,700 ரிங்கிட்டுக்கு உயர்ந்துவிட்டது.

ஆயினும் சங்கமோ கூட்டு ஒப்பந்தமோ இல்லாத உணவகங்கள் பல, அதே பத்து விழுக்காட்டை இரசீதில் சேர்க்கின்றன. அங்கே அப்பணம் எங்கே போகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. ஆகவே என் கருத்து இது: சேவைக் கட்டணம் வாங்கும் இடத்தில் மீண்டும் ‘டிப்ஸ்’ வைக்க வேண்டிய கடமை நமக்கில்லை, ஆனால் அந்தக் கட்டணம் ஊழியருக்குக் கிடைக்கிறதா என்று கேட்கும் உரிமை உண்டு. பரிமாறும் தம்பியிடம் கேட்டு அவரைச் சங்கடத்தில் தள்ள வேண்டாம். பணம் கட்டும் இடத்தில், மேலாளரிடம், மரியாதையாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு விடை ஆயத்தமாக இருக்கும். விடை மழுப்பலாக இருந்தால், கொடுக்க விரும்புவதை ஊழியரின் கையிலேயே கொடுத்துவிடலாம்.

கட்டணமே வாங்காத இடங்கள்தாம் நம் மக்கள் மிகுதியாகப் போகும் இடங்கள். நாசி கண்டார் கடை, வாழையிலை உணவகம், முடிதிருத்தும் நிலையம். வாழையிலை உணவகங்களில் பரிமாறுவோரில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மூன்றாம் முறை சோறும் நான்காம் முறை இரசமும் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள். நாமோ ஐந்து சென், பத்து சென் நாணயங்களை மேசையில் கொட்டிவிட்டு எழுகிறோம். பையின் சுமையைக் குறைத்துக்கொள்வதற்குப் பெயர் அன்பளிப்பு அன்று. கொடுப்பதானால் ஒரு ரிங்கிட் தாள்கள் இரண்டைக் கையில் கொடுத்து, “நன்றி தம்பி” என்று ஒரு சொல் சொல்லலாமே. (கோயிலில் அர்ச்சனைத் தட்டில் பத்து ரிங்கிட் தட்சணை வைக்கத் தயங்காத நாம் இங்கே கணக்குப் பார்ப்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.)

விடுதி அறையைத் துப்புரவு செய்யும் அம்மாவை நாம் பார்ப்பதேயில்லை. பிள்ளைகள் கடல் மணலை மெத்தைவரை கொண்டுவந்து விடுகிறார்கள். மாலையில் திரும்பினால் அறை பளிச்சென்று இருக்கிறது. நாள்தோறும் தலையணையின்மேல் ஒரு சிறு தாளில் ‘திரிமா காசே’ என்றெழுதி ஐந்து ரிங்கிட்டுடன் வைத்தால் போதும். கடைசி நாள் மொத்தமாக வைத்தால், முன்னைய நாள்களில் உழைத்தவர் வேறு ஒருவராக இருக்கக்கூடும். இப்போது கைத்தொலைபேசியில் கட்டம் போட்ட படத்தை நோக்கிப் பணம் செலுத்தும் பழக்கம் பரவிவிட்டதால் பலரிடம் தாளும் இல்லை, நாணயமும் இல்லை. அந்தப் பணம் முழுவதும் கடையின் கணக்குக்கே போகும். பயணம் புறப்படும்போது பத்துச் சிறு தாள்களைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

காப்பிக்காசுக்கு வருவோம். நம் பிள்ளைகள் இதையும் அதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இயல்பே. இரண்டிலும் ஒரு கை நீட்ட, மறு கை வைக்கிறது. நான் வகுப்பில் சொல்லும் வேறுபாடு எளியது. வேலை முடிந்தபின், நம்மைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இல்லாத ஒருவருக்கு, நன்றியாகக் கொடுப்பது அன்பளிப்பு. நமக்கு உரியதைத் தரவும் மறுக்கவும் வல்லவருக்குக் கொடுப்பது கையூட்டு. ஜார்ஜ் டவுன் தெருவோரத்தில் கையசைத்துக் காரை நிறுத்தச் சொல்லி, கொடுக்காவிட்டால் கீறல் விழும் என்ற அச்சத்தை உண்டாக்கி வாங்குவது இரண்டும் அன்று; அது மிரட்டல்.

இதே அளவுகோல் எங்களுக்கும் பொருந்தும் என்பதைப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். மே 16-ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று பிள்ளை தன் கையால் செய்த வாழ்த்து அட்டை எங்களுக்குப் போதும். உறைக்குள் பணம் வைத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு மதிப்பெண் இடுபவர் நாங்கள். அரசு ஊழியர் பரிசு பெறுவதற்கு 1993-ஆம் ஆண்டு நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகளிலேயே கட்டுப்பாடு உண்டு. வாங்க மறுத்தால் வருந்தவும் வேண்டாம்.

விழுக்காடு கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. விடுமுறை முடிந்து வரும்போது ஓர் உணவக இரசீதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உணவின் விலை, சேவைக் கட்டணம், சேவை வரி ஆகிய மூன்றையும் பிள்ளைகளே பிரித்துக் கணக்கிடட்டும். வெளியே சாப்பிட வசதியில்லாத பிள்ளைக்கு நீங்களே ஒரு இரசீதைக் கொடுத்துவிடுங்கள். பிறகு, பத்து விழுக்காட்டுக்கு எதிரே ஒரு கட்டம் வரைந்து, “இது யாருக்கு?” என்று எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் விடுதி ஊழியரின் பிள்ளை ஒருவர் இருந்தால், அன்றைய பாடத்தை அவரே நடத்திவிடுவார்.